கமோடு காவல் காத்த பாதை

லாட்ஜில் அவருக்கு வைத்திருந்த பெயர் சுத்தம் சார். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். இவரும் சிரிப்பார். ஆனால் வாய் சிரிக்கும்போதே மூக்கு தன் பாட்டுக்குச் சுளித்துக்கொள்ளும். விருந்தாளி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்ததும் அதை இரண்டு விரலால் தூக்கி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகுதான் டப்பாவில் போடுவார். அடுத்தவர் நலனுக்காகத் துடைக்கிறார் என்று நினைத்து ஏமாந்த பேர்வழிகளும் உண்டு.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கீழே சமவெளியில் ஒழுங்கு மரியாதையாக இருக்கிற மனுஷர்கள் மலை ஏறியதும் ஏன் அப்படி ஆகிவிடுகிறார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். குளிக்கிற துண்டால் ஷூவைத் துடைப்பார்கள். கை கழுவும் தொட்டியில் மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு, தண்ணீர் போகவில்லை என்று கீழே வந்து சத்தம் போடுவார்கள். குழந்தையின் டயபரைச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காலி செய்து போவார்கள். தலையணை உறைக்குள் கடித்துத் துப்பிய கோழி எலும்பு ஒருமுறை கிடந்தது. எந்த மனநிலையில் ஒருவன் அதை அங்கே ஒளித்து வைத்தான் என்று சுத்தம் சார் ஒரு வாரம் யோசித்தார், விடை கிடைக்கவில்லை.

வெளியே இன்னும் மோசம். மலை விளிம்பில் கம்பி போட்ட இடத்தில் நின்று எதிரொலி கேட்பதற்காகக் கத்துவார்கள். அந்தப் பக்க மலை திருப்பிக் கத்தும். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கையிலிருந்த பாக்கெட்டைப் பள்ளத்தில் விட்டெறிந்துவிட்டு வேனில் ஏறுவார்கள். ஒரு மலையையே கூப்பிட்டு வைத்து அதன் முகத்தில் துப்பிவிட்டுப் போவது போல இருக்கும் அவருக்கு.

கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் விடுமுறை நாளெல்லாம் மலையில் நடப்பார்கள். மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஊரிலுள்ள லாட்ஜுகளுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்கிறாள். வாரம் பூரா கடகடவென்று மெஷின் ஓட்டுகிறவளுக்குச் சத்தமில்லாத இடம் என்றால் உயிர். கூட்டம் போகாத பாதைகளை இருவரும் தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த வேகத்தில் ஒவ்வொன்றாகப் பறிபோனது. அருவிக்குப் போகும் குறுக்குப் பாதையில் குதிரைக்காரர்கள் வந்தார்கள். பைன் மரங்களுக்கு நடுவே போன பாதையில் பலூன் சுடும் கடை வந்தது. மூன்றாவது பாதையைச் சுத்தம் சாரே கெடுத்தார். அமைதியாகப் பேசுகிற, கண்ணாடி போட்ட ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். நல்ல ஜனங்களாக இருக்கிறார்களே என்று அவர்களிடம் பாதையைச் சொல்லித் தொலைத்தார். அவர்கள் போட்டோவோடு போனில் போட்டார்கள். அடுத்த சீசனில் அங்கே ஐஸ்கிரீம் வண்டி நின்றது. நுணலும் தன் வாயால் கெடும்.

நாலாவது ஓடைப் பாதை. ஊருக்கு வெளியே மலைச்சாலையின் ஒரு வளைவில், புதர்களுக்கு நடுவே தொடங்கும். கொஞ்ச தூரம் பாறையை ஒட்டிப் போய் ஓடையோடு சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் பாசியும் பெரணியும் ஈர மண்ணும்தான். ஓரிடத்தில் ஓடை தேங்கி, ஆள் குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குத் தெளிந்து நிற்கும். அங்கே உட்கார்ந்தால் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்கும். முதல் நாள் அங்கே உட்கார்ந்தபோது மனைவி அழுதுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, தெரியலை, நல்லாருக்கு என்றாள். இதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே சுத்தம் சார் முடிவுகட்டினார்.

ஆனால் எப்படிக் காப்பது? பாதை வாசலில் ‘நுழையாதே’ என்று பலகை எழுதி நட்டார். மறுநாள் ஒரு குடும்பமே அந்தப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தது. ‘சிறுத்தை நடமாட்டம்’ என்று மாற்றி எழுதினார். சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டிருந்த சமயத்தில் எவனோ ஒரு புண்ணியவான் ராத்திரியோடு ராத்திரியாகக் கோழிக் கழிவு மூட்டை ஒன்றை அந்த வாசலில் வீசிவிட்டுப் போனான். அதற்கப்புறம் பாதையில் ஈ காக்கை வந்ததே தவிர மனுஷன் வரவில்லை. வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள். சுத்தம் சாருக்கு ஞானம் பிறந்தது.

அன்று முதல் அந்தத் திருப்பணியை அவரே எடுத்துக்கொண்டார். லாட்ஜ் சமையலறைக் கழிவை நகராட்சித் தொட்டியில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி ஸ்கூட்டரில் கட்டிக்கொள்வார். சமையல்காரருக்குச் சந்தோஷம், ஒரு வேலை மிச்சம். மீன் செதில், கோழிக் குடல், அழுகிய தக்காளி, அறைகளில் விட்டுப்போன டயபர் என்று வாசலில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. லாட்ஜில் குளியலறைகளை இடித்துப் புதுசாகக் கட்டியபோது விரிசல் விட்ட கமோடு ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டுபோய் பாதையின் நட்டநடுவில், சாலையைப் பார்த்தாற்போல் உட்காரவைத்தார். காவல்காரன் மாதிரி அது உட்கார்ந்திருந்தது. தனக்கென்று அவர் ஒரு தனி வழி வைத்திருந்தார். பக்கத்துப் பாறை மேல் ஏறி, குப்பையைத் தொடாமல், அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். மூக்கில் தைலம் தடவிக்கொள்வார். பாறையைத் தாண்டினால் சொர்க்கம்.

மனைவி மூன்று தடவை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"உங்களுக்கு சுத்தம் சார்னு பேரு வெச்சவன் அங்க வந்து பாக்கணும். நீங்க பண்ற வேலைய தெருநாய்கூட பண்ணாது."

"உள்ள போய்ப் பாரு. ஒரு காகிதம் கிடக்குதா? உள்ள நல்லா இருக்கணும்னா வாசல் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"வாசல்ல நரகல வெச்சுக்கிட்டு உள்ள எவனாவது குடித்தனம் பண்ணுவானா? எனக்கு அந்தப் பாதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அங்க உக்காந்து தண்ணியப் பாத்தாலும் அந்த நாத்தம்தான் ஞாபகம் வருது. குமட்டுது."

"ஜனங்களப் பத்தி உனக்குத் தெரியாது. நான் தினம் பாக்கறேன்."

"நானும்தான் தினம் ஒருத்தரைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதோடு சரி, அவள் பாதைக்கு வருவதை நிறுத்தினாள். சுத்தம் சார் தனியாகப் போனார். தனியாகப் போவது இன்னும் சுகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உச்ச சீசன். லாட்ஜில் ஒரு அறை காலியில்லை. காலையிலேயே ஒருவர் வெந்நீர் இல்லை என்று துண்டோடு கீழே வந்து, சொட்டச் சொட்ட மேஜை மேல் சாய்ந்து பேசினார். அவரை அனுப்பிவிட்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி குழந்தையைத் தூக்கி மேஜை மேல் உட்காரவைத்தாள். குழந்தை சுத்தம் சாரைப் பார்த்து அழகாகச் சிரித்தது. சிரித்துவிட்டு, பதிவேட்டின் மேலும் அவருடைய சட்டைக் கையின் மேலும் வாந்தி எடுத்தது. அந்தப் பெண்மணி, "மலை வளைவு அதுக்கு ஒத்துக்கல" என்று அவருக்கு விளக்கம் சொன்னாள்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. மேனேஜரிடம் தனக்கே வயிறு சரியில்லை என்று பொய் சொன்னார். வீட்டுக்குப் போன் செய்து, கூட்டம் அதிகம், ராத்திரி ஷிப்டும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று இன்னொரு பொய் சொன்னார். பாதைக்குப் போகிறேன் என்றால் அவள் வள்ளென்று விழுவாள். சமையலறைப் பின்கட்டில் அன்றைய மூட்டை தயாராக இருந்தது. கட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழக்கம்போல ஸ்கூட்டரைப் புதருக்குள் மறைத்தார். மூக்கில் தைலம் போட்டுக்கொண்டார். மூட்டையைப் பாறை மேலே நின்று கீழே குவியலில் வீசுவதுதான் பழக்கம், அப்போதுதான் கையில் படாது. ஏறினார். இரண்டு நாளாகப் பெய்த தூறலில் குவியல் ஊறி, நாய்கள் இழுத்துப் போட்ட கோழித் தோலும் கொழுப்பும் பாறை மேல் வரை பரவிக் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. மூட்டையை வீசக் கையை ஓங்கினார். கால் வழுக்கியது. பாறையை ஒட்டிய பள்ளத்தில் போய் விழுந்தார். ஒரு கணம் கழித்து மூட்டையும் வந்து அவர் மேலேயே விழுந்து வெடித்தது.

வலியில் கண் இருட்டியது. இடது கணுக்கால், கால் போகக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. மார்பில் பலமாக அடிபட்டு, மூச்சை இழுத்தால் குத்தியது. மேலே பார்த்தார். கைக்கெட்டாத உயரத்தில் புதர், அதற்கு மேல் சாலை. ஹாரன் சத்தம் கேட்கிறது, ஆனால் அங்கிருந்து பார்க்கிறவனுக்கு இந்தப் பள்ளம் தெரியாது. போனை எடுத்தார். சிக்னல் கிடையாது. அந்தப் பாதையில் சிக்னல் இல்லை என்பதைத்தான் இத்தனை நாளும் மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லாட்ஜில் அவர் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் அவர் லாட்ஜில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள். நாளைக் காலை வரை அவரைத் தேட உலகத்தில் ஒருத்தரும் இல்லை. மலைக் குளிரில், ஈரத் துணியோடு, எலும்பு முறிந்தவன் ஒரு ராத்திரி தாங்கமாட்டான். பொழுது சாய்வதற்குள் யாராவது வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது அவருக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது.

பள்ளம் குவியலுக்குக் கீழே இருந்தது. எத்தனையோ வாரங்களாக அவர் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் மேலே ஊறி, கீழே அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. தைலம் எப்போதோ காரம் போய்விட்டது. அந்த நாற்றத்தை அவர் முதல் தடவையாக முழுசாக முகர்ந்தார். அழுகிய மீனும் புளித்த சோறும் குழந்தை மலமும் சேர்ந்து, நாக்கில் ருசியாகவே இறங்கியது. வாந்தி எடுத்தார். எழுந்து நகர முடியாததால் அதன் மேலேயே படுத்திருந்தார். ஈக்கள் அவருக்கும் குவியலுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர். பாட்டு இல்லை, கத்தல் இல்லை, தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு உயிர் திரும்பி வந்தது. நம்ம மாதிரி ஆளுங்க என்று நினைத்தார்.

"இங்கதான் பாதை ஆரம்பிக்குதுன்னு மேப்ல இருக்கு. கூட்டமே இருக்காதாம்" என்றாள் ஒரு பெண்.

"ஏன் இருக்காதுன்னு இப்ப தெரியுது" என்றான் ஒருவன். "சே! என்ன கண்றாவி இது? கமோடு வேற!"

சுத்தம் சார் மூச்சைக் கூட்டி, "ஐயா! காப்பாத்துங்க!" என்று கத்தினார். கத்தினதாக அவர் நினைத்தார். மார்பு வலியில் பாதிதான் வெளியே வந்தது. அதிலும் பாதியை ஓடைச் சத்தம் தின்றது.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இல்ல?"

"இந்த இடத்துல மனுஷன் இருப்பானா? இருந்தாலும் எவனாவது குடிச்சிட்டு விழுந்து கிடப்பான்."

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமே."

"நீ வேணும்னா போ. எனக்கு வாந்தி வருது. ஷூவெல்லாம் பாழாயிடும்."

அவள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றிருக்க வேண்டும். சரளைக்கல் அமைதியாக இருந்தது. பிறகு இரண்டு ஜோடி ஷூவும் சாலைப் பக்கம் திரும்பின. சுத்தம் சார் மறுபடி மறுபடி கத்தினார். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. அவன் இடத்தில் தான் இருந்திருந்தால் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்போம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஷூவைப் பற்றிச் சொன்னது உட்பட.

அடுத்து ஒரு இளைஞர் பட்டாளம் வந்தது. தோளில் தொங்கும் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. கமோடைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. ஒருவன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "பாருங்க மக்களே, இயற்கையோட மடியில இயற்கை உபாதைக்கு ஏற்பாடு!" என்று யாருக்கோ சொன்னான். இவர் கத்தியது அவர்கள் காதில் எப்படி விழும்? போகும்போது ஒருவன் காலி பாட்டிலைக் குவியலை நோக்கி வீசினான். அது பாறையில் பட்டு உருண்டு இவருடைய வயிற்றில் வந்து விழுந்தது.

பிறகு யாருமே வரவில்லை. மூடுபனி இறங்கியது. நடுக்கம் எடுத்தது. சொறி பிடித்த நாய் ஒன்று பள்ளத்தில் இறங்கி வந்து, அவர் சட்டையில் வழிந்திருந்த கொழுப்பை நக்கியது. துரத்தக் கை எழவில்லை. கழுத்தை நக்கிற்று, கன்னத்தை நக்கிற்று. சுத்தம் சார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுதார். சாவைவிட, நாளை யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு குச்சியால் தன்னைப் புரட்டிப் பார்ப்பார்களே என்பதுதான் அவரை அதிகம் வதைத்தது. குப்பையோடு குப்பையாக அள்ளுவார்கள். அள்ளுகிறவன் முகத்தைச் சுளிப்பான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மறுபடி காலடிச் சத்தம். இந்த முறை அவசரமான காலடி. "ஐயோ... அம்மா... கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று யாரோ தன் வயிற்றுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடி வந்தான். நாற்றம் அடித்த இடத்தில் எல்லாரும் திரும்பினார்கள் அல்லவா, இந்த ஆள் திரும்பவில்லை. "அப்பாடா, இதுதான் இடம்!" என்று உள்ளே வந்தான். பாறை ஓரமாக, சுத்தம் சாரின் தலைக்கு நேர் மேலே, புதரை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சார்" என்றார் சுத்தம் சார்.

"ஐயோ! யாரது? ஆள் இருக்குங்க, அந்தப் பக்கம் திரும்புங்க!"

"திரும்ப முடியல. கால் உடைஞ்சு கிடக்கேன். காப்பாத்துங்க."

"கால் உடைஞ்சுதா? அடக் கடவுளே! இருங்க வரேன்... ஒரு நிமிஷம். தப்பா நினைக்காதீங்க சார், என் நிலைமை அப்படி. மேல கக்கூஸ்ல கல்யாணப் பந்தி மாதிரி வரிசை நிக்குது. இதோ வந்துட்டேன்."

சுத்தம் சார் காத்திருந்தார். வாழ்க்கையில் எதற்கெல்லாமோ காத்திருந்திருக்கிறார், இதற்குக் காத்திருப்போம் என்று நினைத்ததில்லை. மேலே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. அந்த ஆள் வேலையை முடிக்காமல் எழுந்து போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

இறங்கி வந்தவன் பெரிய தொந்திக்காரன். அரைக்கால் சட்டை, பூப்போட்ட பனியன், கழுத்தில் சிவப்பு விசில். பார்த்த மாத்திரத்தில் லாட்ஜ் மேஜையில் அவர் மூக்கைச் சுளித்திருக்கக்கூடிய சாட்சாத் அந்த ரகம். அவன் ஒரு பார்வை பார்த்தான். ஒரு பக்கமாகத் திரும்பிக் குமட்டினான். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், முதுகுல ஏறுங்க" என்றான்.

"வேணாம். போய் நாலு பேரக் கூட்டிட்டு வாங்க. நான் ரொம்ப... அழுக்கா இருக்கேன்."

"நான் மரச்சாமான் கடையில சுமக்கற ஆளு சார். பீரோவையே மூணு மாடி தூக்கியிருக்கேன், நீங்க என்ன எடை இருப்பீங்க? இருட்டுது பாருங்க."

தூக்கினான். அவன் கழுத்து வியர்வையில் வழவழத்தது. சுத்தம் சாரின் சட்டையில் இருந்ததெல்லாம் அவன் முதுகில் ஒட்டியது. பள்ளத்திலிருந்து ஏற வேறு வழியில்லை, குவியலின் நடுவேதான் போக வேண்டும். முழங்கால் வரை புதைந்து புதைந்து, கையால் பிடித்துப் பிடித்து ஏறினான். நடுவில் நின்று இன்னொரு தடவை வாந்தி எடுத்தான். அப்போதும் அவரைக் கீழே விடவில்லை.

"எவன் சார் இந்த வேலையப் பாத்தது? இவ்வளவு அழகான இடத்துல?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

கேட்டவன் முதுகில் உட்கார்ந்துகொண்டு, சுத்தம் சார் சொன்ன பதில் இதுதான்: "வேற யாரு? இந்தச் சுத்திப் பாக்க வர்ற ஜனங்கதான். சுத்தம்னா என்னன்னே தெரியாது."

தொந்திக்காரன் அவரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டான். பிறகு, "உண்மைதான் சார்" என்றான். "நானே இப்ப எதுக்கு வந்தேன்? எங்களால உங்க ஊருக்குத்தான் எவ்வளவு கஷ்டம்! மன்னிச்சுக்குங்க."

சுத்தம் சார் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உயிர் பிழைத்துவிட்டோம் என்ற நினைப்பு உடம்பெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. அதன் அடியில், புழு மாதிரி வேறொன்று நெளிந்தது. தன் மேலேயே ஏற்பட்ட அருவருப்பு அது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்.

சாலையில் ஒரு வேன் நின்றது. ஜன்னலெல்லாம் ஈரத்துணி, உள்ளே பாட்டு, கீழே வேர்க்கடலைத் தோல். தொந்திக்காரனின் மனைவி இறங்கி ஓடி வந்தாள். பிள்ளைகள் இரண்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயே! நாறுது! இந்த மாமா நாறுறாரு!" என்று கூவின. "வாய மூடுங்க! அடிபட்டு வந்திருக்காரு, நாறுறாராம்!" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, அவரை நீளமாகப் பின் சீட்டில் படுக்கவைத்தாள். தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றி, தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். காதுக்குள்ளே, மூக்கோரத்தில், முடியில் ஒட்டியிருந்த செதிலை எல்லாம் விரலால் எடுத்துப் போட்டாள். முகம் சுளிக்கவில்லை. மூக்கில் கை வைக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, பேசிக்கொண்டே செய்தாள். "கண்ண மூடாதீங்கண்ணே, இதோ வந்துடுச்சு ஆஸ்பத்திரி, வீட்டுல அண்ணி நம்பர் சொல்லுங்க." சுத்தம் சார் நம்பர் சொன்னார். வேன் வளைவு வளைவாக இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் அவரைக் கிடத்தினார்கள். நர்ஸ் முகக்கவசத்தை இரண்டாக மாட்டிக்கொண்டு வந்தாள். கட்டிலைச் சுற்றி இழுத்த திரைச்சீலை மனைவி தைத்ததாகக்கூட இருக்கலாம். தொந்திக்காரன் குளிக்கப் போயிருந்தான். அவன் மனைவி மட்டும் கட்டில் பக்கத்திலேயே நின்றாள், சொந்தக்காரர் வராமல் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று.

மனைவி வந்தாள். கழுத்தில் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது, எடுத்து வைக்கவும் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறாள். கட்டிலை நெருங்கியவள் ஒரு அடி தள்ளியே நின்றுவிட்டாள். அந்த வாடை அவளுக்குப் பழக்கமானது. காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"உயிருக்கு ஒண்ணுமில்ல அண்ணி, பயப்படாதீங்க" என்றாள் வேன்காரப் பெண். "பாறையில வழுக்கி விழுந்திருக்காரு. அங்க ஒரு பாதை வாசல்ல மலை மாதிரி குப்பை. கமோடுகூட கொண்டாந்து போட்டிருக்காங்க. எங்கள மாதிரி வந்து போறவங்க பண்ணதுதானாம், அண்ணன் சொன்னாராம். எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. போறதுக்குள்ள நாளைக்குக் காலையில நாங்க எல்லாரும் போய் அதை அள்ளிப் போட்டுட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவோம். எங்களை மன்னிச்சுடுங்க அண்ணி."

மனைவி புருஷனைப் பார்த்தாள். சுத்தம் சார் கண்ணாலேயே கெஞ்சினார். வேண்டாம், இப்போது வேண்டாம், வீட்டில் வந்து என்ன வேண்டுமானாலும் சொல் என்று அந்தக் கண் சொன்னது. இத்தனை வருஷத்தில் அவர் கண் சொன்னதை அவள் தட்டியதில்லை.

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கற?" என்றாள் மனைவி. "உங்கள மாதிரி யாரும் உள்ள வரக் கூடாதுன்னு வாராவாரம் அதைக் கொண்டுபோய்க் கொட்டினது இவருதான்."

வேன்காரப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் திட்டவில்லை. ஒரு சத்தமும் வராததால் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் இரண்டு அடி பின்னால் போயிருந்தாள். பள்ளத்திலிருந்து வந்தவரை மடியில் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண், அப்போதுதான் முதல் தடவையாகக் கையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.